ரீட்மீ இருந்தும் நிரல் ஓடவில்லையா? வருகிற கேள்வியை வைத்துச் சரிசெய்யும் வழிமுறை

நிரலை எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டாயிற்று. நிரலை எப்படி இன்ஸ்டால் செய்வது, எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ரீட்மீ பக்கமும் இருக்கிறது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ரீட்மீயில் எந்த வரி விடுபட்டது, எந்த வரி தப்பு என்பதை அந்தக் கேள்விகளே காட்டிக்கொடுக்கும். பதிலை வாட்ஸ்அப்பில் மட்டும் சொன்னால் அது கேட்டவரோடு நின்றுவிடும். அடுத்த வாரம் வள்ளியூரிலிருந்து வேறொருவர் அதையே கேட்பார். பதிலை முதலில் ரீட்மீயில் எழுதுங்கள், அப்புறம் அந்த லிங்க்கை அனுப்புங்கள். அதற்கு வசதியாக, இங்கே எல்லாவற்றையும் கேள்விகளின் வரிசையில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு வரும் கேள்வி எதுவோ, நேரே அந்த இடத்துக்குப் போகலாம்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அந்த மாதிரி வேலைக்கு உதவ, குளத்து நீர்மட்டத்தையும் பறவைகளின் எண்ணிக்கையையும் வாங்கி கார், பிசானம் என்று நெல் பருவவாரியாக அட்டவணை தரும் சிறிய பைதான் நிரல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பயன்படுத்துகிறவர்களில் ஒரு பாதி கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகள். மறு பாதி குளத்தங்கரையில் நின்று எண்ணுகிறவர்கள், அவர்களுக்குக் கணினி என்றால் எக்ஸெல்தான். இரண்டு பேருக்கும் ஒரே ரீட்மீதான்.

கமாண்ட்களின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் சொல்லிப் போகிறேன். ரீட்மீயில் அவை டெர்மினலில் அடிக்கும் அதே எழுத்தில் இருக்க வேண்டும்.

## "இது என்ன பண்ணும்ணே?"

பக்கத்தை முழுக்கப் படித்தவரே இப்படிக் கேட்டால், கோளாறு முதல் பத்தியில் இருக்கிறது. "பைதானில் எழுதப்பட்ட, எளிதில் விரிவாக்கத்தக்க தரவு மேலாண்மைக் கருவி" என்று தொடங்கும் ரீட்மீக்கள் ஏராளம். அந்த வாக்கியம் எந்த நிரலுக்கும் பொருந்தும், ஆகவே உங்கள் நிரலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. யாருக்கானது, எதைக் கொடுக்க வேண்டும், என்ன கிடைக்கும் என்ற மூன்றும் முதல் நாலு வரிக்குள் வந்துவிட வேண்டும். இப்படி:

"குளங்களில் நீர்மட்டமும் பறவையும் கணக்கெடுப்பவர்களுக்கான நிரல். எக்ஸெல்லில் எழுதிய பட்டியலை சிஎஸ்வி ஃபைலாகக் கொடுத்தால், குளம்வாரியாகவும் பருவவாரியாகவும் அட்டவணை கிடைக்கும். இன்ஸ்டால் செய்த பிறகு இன்டர்நெட் தேவையில்லை. ஃபோனில் ஓடாது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எது முடியாது என்று மேலேயே தெரிந்தால், ஃபோனை மட்டும் வைத்திருப்பவர் ஒரு மணி நேரம் மெனக்கெட மாட்டார். இதற்குக் கீழே, கிடைக்கப்போகும் அட்டவணையின் படம் ஒன்று போதும். ரீட்மீயின் தலையில் வரிசையாக ஒட்டிவைக்கும் வண்ணப் பட்டைகளில் (பேட்ஜ்) ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். குளத்தங்கரைக்காரருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

## "இன்ஸ்டால் ஆகமாட்டேங்கு"

அதிகம் வருவது இந்தக் கேள்விதான். "ஆகமாட்டேங்கு" என்பதை மட்டும் வைத்து எதுவும் செய்ய முடியாது. திரையில் வந்த எரரை முழுசாக வாங்குங்கள். ஃபோட்டோவாக வேண்டாம், எழுத்தாகக் காப்பி செய்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் கீழே உள்ளவற்றில் எது என்று பாருங்கள்.

"எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று வந்தால், அவர் புதிய உபுண்டுவிலோ டெபியனிலோ இருக்கிறார். உபுண்டு 23.04 முதலும் டெபியன் 12 முதலும், கணினியின் சொந்தப் பைதானுக்குள், பைதான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் என்ற கருவி எதையும் நேரடியாக இன்ஸ்டால் செய்ய விடாது. அந்தப் பைதானை நம்பித்தான் இயங்குதளத்தின் பல கருவிகள் ஓடுகின்றன, அவை கெட்டுவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. இதை மீற ஒரு வழி எரர் செய்தியிலேயே எழுதியிருக்கும். தயவுசெய்து அதை ரீட்மீயில் போடாதீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு லேப் கணினியைப் பல வகுப்புப் பிள்ளைகள் பயன்படுத்துவார்கள், உங்கள் நிரலுக்காக அது கெட்டுப்போகக் கூடாது. ரீட்மீயின் முதல் படியே தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது இந்த நிரலுக்கு மட்டுமான பைதான் ஃபோல்டர், உருவாக்குவதாக இருக்கட்டும். உபுண்டுவில் அதற்கும் முன்னால், பைதான்3-வென்வ் என்ற பேக்கேஜை ஆப்ட் கமாண்ட் மூலம் போட வேண்டியிருக்கும். அந்த ஒரு வரி இல்லாததால் அடுத்த எரர் வரும், எனவே அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பைதான் என்று அடித்தால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று உபுண்டு சொல்கிறது, அல்லது விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்கிறது என்றால், காரணம் வேறு. உபுண்டுவில் பைதான்3 என்று அடிக்க வேண்டும். விண்டோஸில் பைதான் இன்னும் போடவே இல்லை, அல்லது அதன் இடம், கமாண்ட்களை விண்டோஸ் தேடும் "பாத்" என்ற பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அதனால் விண்டோஸுக்கு ஒரு பகுதி, லினக்ஸுக்கு ஒரு பகுதி என்று ரீட்மீயைப் பிரித்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு, "விண்டோஸ் என்றால் இதை மாற்றிக்கொள்க" என்று எழுதினால் யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

விண்டோஸின் பவர்ஷெல் டெர்மினலில் அந்த விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்யும்போது சிவப்பு எழுத்தில், ஸ்கிரிப்டை ஓட்ட அனுமதியில்லை என்று வருவதுண்டு. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் கமாண்ட் இருக்கிறது. ஆனால் லேப் கணினியில் மாணவருக்கு அந்த உரிமை இல்லாமல் போகலாம். எனக்குப் பிடித்த வழி, ஆக்டிவேட் செய்யாமலே வேலையை முடிப்பது. அந்த என்விரான்மென்ட் ஃபோல்டருக்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டரில் ஒரு பைதான் இருக்கும். அதை முழுப் பாதையோடு அழைத்தால் போதும், அதுவே சரியான பேக்கேஜ்களை எடுத்துக்கொள்ளும். கமாண்ட் கொஞ்சம் நீளமாகும், பரவாயில்லை.

தேவையான பேக்கேஜ்களின் பட்டியலான ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலைக் காணோம் என்று வந்தால், அவர் தப்பான ஃபோல்டரில் நிற்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "ரெப்போவை குளோன் செய்து, அந்த ஃபோல்டருக்குள் போகவும்" என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். ஆனால் லேப் கணினியில், ரெப்போவை (நிரலின் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் கிட்ஹப் இடத்தை) அப்படியே இறக்கும் கிட் மென்பொருள் இருக்காது. பிள்ளைகள் கிட்ஹப்பின் பச்சைப் பட்டனை அழுத்தி ஜிப்பாகத்தான் இறக்குவார்கள். அப்படி இறக்கினால் ஃபோல்டர் பெயரின் கடைசியில் பிராஞ்ச் (நிரலின் ஒரு கிளைப் பதிப்பு) பெயர் ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் "-மெயின்" என்று. விண்டோஸில் "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" கொடுத்தால் அதே பெயரில் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் வரும். நீங்கள் எழுதிய ஃபோல்டர் பெயர் அவர் கணினியில் எங்குமே இருக்காது. ஆகவே ஜிப் வழியையும் எழுதுங்கள். "ரீட்மீ ஃபைல் கண்ணில் படுகிற ஃபோல்டருக்குள் வந்துவிட்டீர்களா என்று பாருங்கள்" என்று ஒரு அடையாளமும் சொல்லுங்கள்.

கமாண்டை அப்படியே காப்பி செய்தும் ஓடவில்லை என்றால், கமாண்டின் முன்னால் டாலர் குறி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். டெர்மினலைக் காட்டும் அடையாளமாக நாம் போடுவது, அவர்களுக்குக் கமாண்டின் பகுதியாகவே போய்விடும். கிட்ஹப்பில் பெட்டியின் ஓரத்திலுள்ள காப்பி பட்டன் அதையும் சேர்த்தே எடுக்கும். அதேபோல, ரீட்மீயை முதலில் வேர்டில் எழுதியிருந்தால் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாகவும், இரட்டைக் கோடு ஒற்றை நீளக் கோடாகவும் மாறியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, டெர்மினலுக்குத் தெரியும். கமாண்ட்களைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திரும்ப அடித்துப் போடுங்கள்.

இன்டர்நெட்டே இல்லாத அல்லது பிப்புக்குக் கதவு மூடப்பட்ட லேப்பும் உண்டு. நெட் உள்ள கணினியில் பிப் டவுன்லோடு கமாண்டால் தேவையான பேக்கேஜ்களை ஒரு ஃபோல்டரில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய், "நோ இண்டெக்ஸ்", "ஃபைண்ட் லிங்க்ஸ்" என்ற இரண்டு தேர்வுகளோடு இன்ஸ்டால் செய்யலாம். இரண்டு கணினியிலும் இயங்குதளமும் பைதான் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை ரீட்மீயில் வைக்காமல் தனிப் பக்கத்தில் வைத்து லிங்க் கொடுத்தால் போதும்.

## "குளத்துப் பேரெல்லாம் கோழிக் கிறுக்கலா வருது"

தமிழில் தரவு வைத்திருக்கும் எல்லா நிரலுக்கும் இது வரும். ஃபைலை எக்ஸெல்லில் திறந்தால், கூந்தன்குளம் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் சிறு கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி நிற்கும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. விண்டோஸின் பழைய மேற்கத்தியக் குறியேற்றத்தில் அதைத் திறந்தால், ஒவ்வொரு பைட்டும் தனித்தனி எழுத்தாகத் தெரியும். தமிழின் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான் என்பதால், அந்த ஏ மட்டும் திரும்பத் திரும்ப வரும். தரவு கெடவில்லை, திறந்த விதம்தான் தப்பு.

இதே கோளாறு இன்னொரு முகத்தோடும் வரும். "யூனிகோட் டிகோட் எரர்" என்று வந்து, கூடவே "சார்மேப்" என்ற சொல் இருந்தால், விண்டோஸில் பைதான் ஒரு ஃபைலைப் பழைய குறியேற்றத்தில் திறக்கப் பார்த்திருக்கிறது. உங்கள் செட்டப் ஃபைல் ரீட்மீயைப் படித்து விவரமாகச் சேர்க்கிறது என்றால், ரீட்மீயில் தமிழ் இருப்பதாலேயே இன்ஸ்டால் விழுந்துவிடும். உபுண்டுவில் எழுதிச் சோதிக்கிறவர் கண்ணுக்கு இது படவே படாது.

பலரும் இந்த இடத்தில், "விண்டோஸ் பயனர்கள் கவனத்துக்கு" என்று தொடங்கி ஒரு பத்தி எழுதி முடித்துக்கொள்கிறார்கள். அது கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் பைதான் பக்கம் தீர்ந்தது. எக்ஸெல்லுக்குப் போகும் சிஎஸ்வியை "யூடிஎஃப்-8-சிக்" என்ற வகையில் எழுதினால், ஃபைலின் தொடக்கத்தில் ஒரு அடையாளம் சேரும். அதைப் பார்த்து எக்ஸெல் தமிழைச் சரியாகக் காட்டும். இரண்டும் நிரலில் சின்னத் திருத்தங்கள். அதைச் செய்யாமல் படிக்கிறவர் தலையில் ஒரு பத்தியைச் சுமத்தினால், அவர் படிக்கப்போவதும் இல்லை. ரீட்மீயில் "கவனம்" என்று தொடங்கும் ஒவ்வொரு பத்தியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நிரலே பார்த்துக்கொள்ள முடியும் என்றால் பத்தியை எடுத்துவிட்டு நிரலைத் திருத்துங்கள்.

ரீட்மீயில் கட்டாயம் இருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. எக்ஸெல்லில் சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி வேண்டாம், "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும், திரும்ப எடுக்க முடியாது.

## "ஓடுது, ஆனா கணக்கு தப்பா வருது"

நிரலில் பிழை தேடுவதற்கு முன்னால், என்ன மாதிரித் தரவு வேண்டும் என்று ரீட்மீ சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் அளவு. பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று இந்தப் பக்கத்தில் நீர்மட்டத்தை எல்லோரும் அடியில்தான் பேசுகிறார்கள், நாளிதழும் அடியில்தான் போடுகிறது. எண்ணுகிறவர் கை தானாக அடியில்தான் எழுதும். நிரல் மீட்டரை எதிர்பார்த்தால் எரர் எதுவும் வராது, கணக்கு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் தப்பாகும். எரர் வராத தப்புதான் மோசமானது. அட்டவணையில் "நீர்மட்டம்" என்று மட்டும் தலைப்பிடாமல் "நீர்மட்டம், அடியில்" என்று எழுதுங்கள். எங்கிருந்து அளப்பது, மடையின் அடித்தளத்திலிருந்தா குளத்தின் தரையிலிருந்தா என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம் பெயர். ஒருவர் நயினார்குளம் என்று எழுதுவார், இன்னொருவர் நைனார்குளம் என்பார். திருநெல்வேலி டவுனில் இருப்பது ஒரே குளம், நிரலின் அட்டவணையில் இரண்டு குளம். எந்தப் பெயர்களை நிரல் ஏற்கிறது என்ற பட்டியல் எந்த ஃபைலில் இருக்கிறது, புதுக் குளத்தை அதில் எப்படிச் சேர்ப்பது என்று எழுதுங்கள். தேதிக்கும் இதே கதிதான். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று நிரலுக்குத் தெரியாது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-01-18 என்று ஒரு மாதிரியைக் காட்டிவிடுங்கள். எக்ஸெல் சேமிக்கும்போது இந்த வடிவத்தைத் தானே மாற்றிவிடக்கூடும் என்பதால், தேதி நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று அமைக்கச் சொல்வது நல்லது.

பருவமும் அப்படித்தான். நெல்லைப் பக்கத்தில் கார் ஜூனிலும் பிசானம் அக்டோபர் வாக்கிலும் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். குறுவை, சம்பா என்று பழகிய தஞ்சாவூர்க்காரர் உங்கள் நிரலை எடுத்தால் அவருக்குத் தெரியாது. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை எதில் சேருகிறது என்று ஒரு வரி போதும்.

இதையெல்லாம் பத்தி பத்தியாக விளக்குவதைவிட, ஐந்தாறு வரி உள்ள மாதிரி ஃபைல் ஒன்றை ரெப்போவிலேயே வைத்துவிடுங்கள். அதை ஓட்டும் கமாண்ட், ஓட்டினால் திரையில் வர வேண்டிய அட்டவணை இரண்டையும் ரீட்மீயில் அப்படியே காட்டுங்கள். ஓட்டியவருக்கு அதே அட்டவணை வந்தால் இன்ஸ்டால் சரி, இனித் தப்பு வந்தால் அவருடைய தரவில் தேட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். ஒரு ரீட்மீயில் ஒரே ஒரு பகுதியைத்தான் திருத்த நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

## "படம் தெரியல" "திருத்தினது வரல"

உங்கள் விண்டோஸ் கணினியில் தெரியும் படம் கிட்ஹப்பில் தெரியாவிட்டால், ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், கிட்ஹப் எடுத்துக்கொள்ளாது. பெயரில் இடைவெளி இருந்தாலும் லிங்க் உடையும். கிட்ஹப்பில் தெரிந்து, பைதான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐ பக்கத்தில் தெரியாவிட்டால், படத்துக்குக் கொடுத்த பாதை ரெப்போவுக்குள் மட்டும் செல்லும் பாதை. முழு இணைய முகவரியைக் கொடுக்க வேண்டும். பைபிஐயில் ஏற்றுவதற்கு முன் ட்வைன் செக் என்ற கமாண்டை ஓட்டினால், ரீட்மீ அங்கே சரியாகத் தெரியுமா என்று அதுவே சொல்லும். படத்துக்கு மாற்று உரையும் எழுதுங்கள். திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவருக்கு அதுதான் படம்.

ரீட்மீயைத் திருத்தியும் முகப்பில் பழையதே தெரிந்தால், ரெப்போவில் இரண்டு ரீட்மீ இருக்கலாம். கிட்ஹப் முதலில் புள்ளியோடு தொடங்கும் கிட்ஹப் ஃபோல்டரில் தேடும், அடுத்து ரெப்போவின் முதன்மை ஃபோல்டரில், கடைசியாக டாக்ஸ் ஃபோல்டரில். முதலில் கிடைப்பதைத்தான் காட்டும். அது இல்லையென்றால், திருத்தியது முதன்மை பிராஞ்ச்சிலா என்று பாருங்கள்.

தலைப்பு தலைப்பாகத் தெரியாமல் ஹேஷ் குறியோடு நின்றால், குறிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி விடுங்கள். அட்டவணை கலைந்து தெரிந்தால், அதற்கு மேலே ஒரு காலி வரி.

## "தமிழ்ல ஒண்ணு சொல்லுது, இங்கிலீஷ்ல ஒண்ணு சொல்லுது"

இரண்டு ரீட்மீ வைத்திருந்தால் ஒன்று பின்தங்கத்தான் செய்யும், அநேகமாகத் தமிழ். கமாண்ட் மாறும்போதெல்லாம் இரண்டையும் மாற்ற முடியாது என்றால், நீளமானதை ஒரு மொழியில் மட்டும் வையுங்கள். பயன்படுத்துகிறவர்கள் அம்பாசமுத்திரத்திலும் நாங்குநேரியிலும் இருக்கிறார்கள் என்றால், அந்த மொழி தமிழாகவே இருக்கட்டும். ஆங்கிலத்தில், என்ன நிரல் என்று ஒரு பத்தியும் கமாண்ட்களும் போதும். தமிழ்த் தலைப்புகளுக்கு உள் லிங்க் கொடுக்கும்போது கையால் அடிக்காதீர்கள். கிட்ஹப்பில் தலைப்பின் மேல் மவுஸை வைத்தால் வரும் சங்கிலிக் குறியிலிருந்து காப்பி செய்துகொள்ளுங்கள்.

## "இதை நாங்க எடுத்துக்கிடலாமா?"

உரிம ஃபைல் இல்லை என்றால் இந்தக் கேள்வி வரும். வராமல் போனால் இன்னும் மோசம், கேட்கத் தயங்கி விலகியிருப்பார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புக்குள் அடங்கும். நீங்கள் அனுமதி எழுதித் தராதவரை, கிட்ஹப்பில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தாலும் அதை எடுத்து மாற்றி வெளியிட யாருக்கும் உரிமையில்லை. எம்ஐடி, ஜிபிஎல் போன்ற திறந்த உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்து லைசென்ஸ் ஃபைலாக வைத்து, ரீட்மீயின் கடைசியில் ஒரு வரியில் சொல்லுங்கள். பறவைக் கணக்கும் நீர்மட்டமும் நிரல் அல்ல, தரவு. அதற்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பங்களிக்க வருகிறவர்களுக்கான விதிகளைக் கான்ட்ரிபியூட்டிங் என்ற தனி ஃபைலில் வையுங்கள். குறை சொல்லும் இஷ்யூவோ, திருத்தம் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டோ திறக்கும்போது கிட்ஹப்பே அதன் லிங்க்கைக் காட்டும்.

## ரீட்மீயில் பாஸ்வேர்டு கிடந்தால்

மாதிரிக்காகப் போட்ட ஏபிஐ சாவி (இணையச் சேவை ஒன்றைத் திறக்கும் ரகசியக் குறி) உண்மையானதாக இருந்துவிட்டால், வரியை அழித்து கமிட் செய்வதால் பயனில்லை. பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிப்பில், அது அப்படியே இருக்கும். முதலில் அந்தச் சாவியை, கொடுத்த இடத்திலேயே ரத்து செய்து புதியது வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

## திருத்திய பிறகு சோதிப்பது

உங்கள் கணினியில் சோதித்தால் எல்லாம் ஓடும், ஏனென்றால் தேவையானது எல்லாம் ஏற்கனவே அதில் இருக்கிறது. உபுண்டுவின் லைவ் பென்டிரைவிலோ, கணினிக்குள் தனிக் கணினி போல ஓட்ட உதவும் டாக்கரில் வெறும் உபுண்டுவிலோ, ரீட்மீயின் முதல் வரியிலிருந்து காப்பி செய்து ஓட்டுங்கள். விண்டோஸுக்கு, பைதான் போடாத ஒரு கணினியைத் தேடிப் பிடியுங்கள்.

அதையும்விட நல்லது, நிரலைப் பார்த்தே இராத ஒருவரை உட்காரவைப்பது. சேரன்மகாதேவியிலிருந்து புதிதாக வந்த பிள்ளையாக இருக்கலாம், குளத்தில் எண்ணுகிறவராகவும் இருக்கலாம். "தம்பி, இதைப் பார்த்து நீயே போட்டுப் பாருப்பா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் உட்காருங்கள். அவர் தயங்கும் இடம், மேலே போய்த் திரும்பப் படிக்கும் இடம், உங்களைத் திரும்பிப் பார்க்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டாலும் முதலில் ஒரு நிமிடம் பொறுங்கள், அதற்குள் எந்த வரியைத் தேடுகிறார் என்று தெரியும். அந்த வரிகளை எழுதிச் சேர்த்த பிறகு, அவரிடமே திரும்பக் கொடுக்காமல் வேறொருவரிடம் கொடுங்கள். முதல் ஆளுக்கு இப்போது வழி தெரிந்துபோயிருக்கும்.